பலத்தை வளர்க்கப் போய்ச் செய்யும் தவறுகள்

வராத பாடத்துக்கு டியூஷன், வருகிற பாடம் அது பாட்டுக்கு வரட்டும்: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரும்பாலான வீடுகளில் இதுதான் ஏற்பாடு. இதை மாற்றி, பிள்ளைக்கு எது நன்றாக வருகிறதோ அதிலிருந்து தொடங்கலாம் என்று முனைகிற ஆசிரியர்களும் பெற்றோரும் இருக்கிறார்கள். முனைப்பு சரிதான். இடறுவதும் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான்.

மதிப்பெண்ணையே பலம் என்று எடுத்துக்கொள்வது முதல் இடறல். அறிவியலில் 90 வாங்குகிறவளுக்கு மனப்பாடம்தான் கைவந்ததாக இருக்கலாம். இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு வையுங்கள். சொல்லாமலே எதைத் தொடங்குகிறாள், தப்பாகப் போனாலும் எதைத் திரும்பச் செய்கிறாள், பக்கத்தில் இருப்பவளுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கிறாள் என்ற மூன்றை மட்டும் எழுதினால் போதும். ‘கணக்கில் கெட்டி’ என்ற குறிப்பால் பயனில்லை. ‘வடிவத்தைத் திருப்பினால் எப்படி இருக்கும் என்று மனசுக்குள்ளேயே பார்த்துச் சொல்கிறாள்’ என்று எழுதினால்தான் நாளைக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று தெரியும்.

வீட்டைப் பார்த்துப் பலத்தை முடிவு செய்கிறவர்களும் உண்டு. செட்டியார் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு ரத்தத்திலேயே இருக்குமாம். ஆத்தங்குடித் தரைக்கல் வார்க்கிறவர் பிள்ளைக்குக் கைவேலை போதுமாம். உண்மையில், பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த நகரத்தார் என்கிற இந்தச் செட்டியார்களின் கடைகளில் பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை எடுபிடியாகச் சேர்ந்து, அடுத்தாள் என்ற உதவியாளாகி, வருடக்கணக்கில் பழகித்தான் கணக்கு வந்தது. ‘இவன் கேட்டுப் படிக்கிறவன், அவள் பார்த்துப் படிக்கிறவள்’ என்று பிரிப்பதும் இதே ரகம். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று உளவியலாளர்கள் 2008-லேயே ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

அதிகச் சேதம் செய்வது, பலம் கிடைத்த சந்தோஷத்தில் பலவீனத்தைக் கைகழுவுவது. சரளமாக வாசிப்பதற்கும் நான்கு அடிப்படைக் கணக்குகளுக்கும் யாருக்கும் விலக்குக் கிடையாது. பத்தாம் வகுப்பில் 35-ஐத் தொடாத பாடத்தையும் விட முடியாது. அதற்கு மேல் போனால் பேச்சு வேறு: சமூக அறிவியலில் 60-ஐ 70 ஆக்குவதற்காக ஓவிய வகுப்பை நிறுத்துவது வீண்.

பலத்தை வராத பாடத்துக்கு வழியாக்க வேண்டும். இங்கேதான் பலர் அலங்காரத்தோடு நின்றுவிடுகிறார்கள். வரையத் தெரிந்தவளிடம் வாய்ப்பாட்டைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னால் வண்ணம்தான் பழகும், பெருக்கல் பழகாது. கணக்கு இல்லாமல் முடியாத வேலையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். 10 அடிக்கு 12 அடி அறை, 10 அங்குலச் சதுர ஆத்தங்குடிக் கல், பூ வடிவம் அவளே வரைந்தது. எத்தனை கல் வாங்க வேண்டும்? அறையின் பரப்பைக் கல்லின் பரப்பால் வகுத்தால் 172.8 வரும், 173 என்று எழுதிவிடுவாள். தரையைக் கட்டம் போட்டு வரையச் சொல்லுங்கள். வரிசைக்கு 12 கல், 14 வரிசைக்கு 168, கடைசியில் 4 அங்குலம் மிச்சம். ஒரு கல்லில் 4 அங்குலத் துண்டு இரண்டு கிடைக்கும் என்றால் இன்னும் 6 கல், ஆக 174. ஆனால் இரண்டாவது துண்டு அதே கல்லின் எதிர் ஓரத்திலிருந்து வருவது. பாதிச் சுற்றுத் திருப்பினாலும் மாறாத பூவாக இருந்தால்தான் அது பொருந்தும். இல்லையென்றால் 12 துண்டுக்கும் 12 கல், மொத்தம் 180. பின்னம், பரப்பளவு, சுழல் சமச்சீர் மூன்றும் அவள் வரைந்த பூவுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. உடைசலுக்கு எத்தனை கூட்டுவது என்று கேட்டால் சதவீதமும் வரும்.

பாராட்டிலும் கவனம் வேண்டும். ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட, ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் தளர்ந்தார்கள் என்று அமெரிக்காவில் உளவியலாளர்கள் கரோல் டுவெக்கும் கிளாடியா முல்லரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ‘மிச்சத் துண்டைத் திருப்பிப் பார்த்தாயே, அதுதான் விடையைத் தந்தது’ என்று செய்ததைச் சுட்டிச் சொல்லுங்கள்.

குழு வேலையில் வரைவது எப்போதும் வரையத் தெரிந்தவளுக்கே போய்விடும், பேசுவது எப்போதும் வாயாடிப் பையனுக்கே. மூன்று வேலைக்கு ஒரு முறையாவது மாற்றிக் கொடுங்கள். அந்த ஒரு முறை வேலை கொஞ்சம் சுமாராகத்தான் வரும். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.