ஸ்டேட் வங்கி பி.ஓ. நேர்காணலுக்குத் தயாராகும் முறை

பாரத ஸ்டேட் வங்கியின் பி.ஓ. (பயிற்சி நிலை அதிகாரி) பணிக்கு மெயின்ஸ் எனும் முதன்மைத் தேர்வில் தேறி நேர்காணல் அழைப்பைப் பெற்றவர்கள் முதலில் மதிப்பெண் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அண்மை ஆண்டுகளின் அறிவிக்கைகளின்படி, சிலரைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசச் சொல்லும் குழுப் பயிற்சிக்கு 20, நேர்காணலுக்கு 30 என மொத்தம் 50 மதிப்பெண்கள். இவை 25க்கும், மெயின்ஸின் 250 மதிப்பெண்கள் 75க்கும் மாற்றப்பட்டு, இரண்டின் கூட்டலில் இறுதிப் பட்டியல் தயாராகிறது. பிரிலிம்ஸ் எனும் முதல்நிலைத் தேர்வின் மதிப்பெண் இதில் சேராது. மெயின்ஸில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாலும் குழுப் பயிற்சியும் நேர்காணலும் அடங்கிய மூன்றாம் கட்டத்தில் தனியாகத் தகுதி பெற்றாக வேண்டும் என்பதால், "நேர்காணல் வெறும் சம்பிரதாயம்" என்று சீனியர்கள் சொல்வதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

ஏற்கெனவே போய்வந்தவர்களின் அனுபவங்களைக் கேட்பது நல்லதுதான். ஆனால் எதற்காகக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பெரும்பாலோர் கேள்விகளை மட்டும் எழுதி வாங்கி, அவற்றுக்கு விடை எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். அதே கேள்வி மறுபடியும் வருவது தற்செயல். ஒருவரிடம் கேட்டறிய வேண்டியது, அவர் சொன்ன பதிலிலிருந்து பேனல் (நேர்காணல் குழு) அடுத்த கேள்வியை எப்படி எடுத்தது என்பதையே. போய்வந்தவர்கள் பலரும் ஒரே குரலில் சொல்வது, முதல் கேள்வி எளிதாக இருந்தது, அதன் வாலைப் பிடித்து வந்த கேள்வியில்தான் திணறினோம் என்பதே.

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். ரெப்போ விகிதம் என்றால் என்ன என்று கேட்பார்கள். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அரசுப் பத்திரங்களின் பிணையில் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டி விகிதம் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். "ரிசர்வ் வங்கி இன்று 0.25 சதவீதம் குறைத்தால், உங்கள் வீட்டார் வாங்கிய வீட்டுக்கடனுக்கு நாளையே வட்டி குறையுமா?" என்பது அடுத்த கேள்வி. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் வழங்கும் புதிய மிதவை (மாறும்) வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டுள்ளன என்பதும், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றியமைக்கப்படும் என்பதும், பழைய கடன், வங்கியின் சொந்த நிதிச் செலவை வைத்து வட்டி கணக்கிடும் எம்.சி.எல்.ஆர். முறையிலேயே நீடித்தால் பலன் வர இன்னும் தாமதமாகும் என்பதும் தெரிந்தவர் இங்கே நிமிர்ந்து உட்காரலாம். வாராக்கடன், வைப்புத்தொகைக் காப்பீடு, முன்னுரிமைத் துறைக் கடன் ஆகிய ஒவ்வொன்றையும் இப்படி இரண்டாம், மூன்றாம் கேள்வி வரை நீங்களே நீட்டிப் பாருங்கள். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் வாராக்கடன் என்று சொன்ன கையோடு, பயிர்க்கடனுக்கும் அதே 90 நாள்தானா என்ற கேள்வி வரும்; அங்கே கணக்கு பயிர்ப் பருவத்தை வைத்துப் போடப்படுகிறது.

பேனலின் கையில் இருப்பது நீங்கள் பூர்த்தி செய்து கொடுத்த விவரப் படிவம். சொந்த ஊர், பட்டம், பொழுதுபோக்கு, முந்தைய வேலை என அதில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்விக்கான அழைப்பு. சொந்த ஊர் திருப்பூர் என்றால், பனியன் ஏற்றுமதியாளருக்கு ஆர்டர் கிடைத்ததும் நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் எந்தக் கடன் தேவைப்படும் என்று கேட்கலாம். அங்கே பேக்கிங் கிரெடிட் (சரக்கை அனுப்பும் முன் ஏற்றுமதியாளருக்குத் தரும் கடன்) என்ற சொல் வாயில் வர வேண்டும். நாமக்கல்காரர் கோழிப்பண்ணைக் கடனையும் லாரிக் கடனையும் பற்றிப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். பொழுதுபோக்கு என்ற இடத்தில் அழகுக்காக "வாசிப்பு" என்று எழுதிவிட்டு, கடைசியாகப் படித்த புத்தகத்தின் பெயரைத் தேடுவதைவிட "சமையல்" என்று உண்மையை எழுதுவது மேல்.

பொறியியல் படித்தவர்களுக்கு "ஏன் வங்கி?" என்பது தப்பாமல் வரும் கேள்வி. மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன் என்ற பதிலைப் பேனலில் இருப்பவர்கள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். பணிப் பாதுகாப்பும் பதவி உயர்வும் காரணங்கள் என்றால் அதைக் கூச்சமின்றிச் சொல்லி, உங்கள் படிப்பு வங்கிக் கிளையில் எங்கே பயன்படும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிறு தொழிற்சாலைக்கு இயந்திரக் கடன் கேட்டு வருபவரின் திட்ட அறிக்கையை மெக்கானிக்கல் பட்டதாரி கூடுதல் புரிதலோடு படிப்பார் என்பது நம்பக்கூடிய பதில்.

ஆங்கிலம் பற்றிய அச்சம் நம் ஊர்க் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு அதிகம். சின்ன வாக்கியங்களில் நிதானமாகப் பேசினால் போதும். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கச் சொல்லலாம். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று உடனே சொல்லிவிடலாம். ஊகித்துச் சொல்லி, அந்த ஊகத்தைக் காப்பாற்ற இன்னொன்றைச் சொல்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

சான்றிதழ் விஷயத்தில் தமிழ்நாட்டு மாணவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இங்கே போதாது. கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற குறிப்புடன், அறிவிக்கை சொல்லும் காலத்துக்குள் வழங்கப்பட்ட, மத்திய அரசுப் படிவத்திலான ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். தாலுகா அலுவலகத்தில் நாளாகும் என்பதால், அழைப்புக்குக் காத்திராமல் மெயின்ஸ் எழுதிய கையோடு விண்ணப்பித்துவிடுங்கள். கடன் தவணை தவறி, நிலுவையைச் சரிசெய்யாமல், சிபில் அறிக்கை (கடனைத் திருப்பிச் செலுத்திய வரலாறு) பாதகமாக இருப்பவர் நியமனத்துக்குத் தகுதியற்றவர் என்றும் அறிவிக்கையில் இருக்கிறது. கல்விக்கடன் வாங்கியவர்கள் நிலுவை இருந்தால் முன்கூட்டியே சரிசெய்துகொள்ள வேண்டும்.

குழுப் பயிற்சியில் அதிகம் பேசியவருக்கு அதிக மதிப்பெண் என்று எண்ண வேண்டாம். மற்றவர் சொன்னதைப் பிடித்து அதை ஓர் அடி முன்னே கொண்டுபோகப் பாருங்கள். மூன்றாம் கட்டத்தில் நடக்கும் உளவியல் தேர்வுக்குத் தனித் தயாரிப்பு வேண்டியதில்லை. ஆனால் அதன் முடிவு பேனலின் முன் வைக்கப்படலாம் என்பதால், இல்லாத குணங்களை அதில் ஏற்றிக் காட்டுவது நேரில் பேசும்போது முரணாகத் தெரியும்.

கடைசியில், சிவில் சர்வீஸ் கிடைத்தால் போய்விடுவீர்களா, வடகிழக்கில் பணியிடம் கொடுத்தால் போவீர்களா என்ற கேள்விகள் வரக்கூடும். பணியில் சேரும்போது மூன்று ஆண்டுகள் பணியாற்றுவதாக 2 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பதையும், பணியிடம் இந்தியாவில் எங்கும் அமையலாம் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவெடுத்துவிட்டுப் போனால், அந்த இரண்டு கேள்விகளுக்கும் தயங்காமல் பதில் சொல்லலாம்.