இலங்கை டீம் வெளிநாட்டுல டெஸ்ட் ஆடக்குள்ள மட்டக்களப்புல இருந்து எப்பிடிப் பாக்கிற

முதல்ல நேரத்த சரியா புடிங்க, அதுதான் முக்கியம். இங்கிலாந்துல சம்மர்ல காலம 11 மணிக்கு தொடங்கினா நமக்கு பின்னேரம் 3.30, அது லேசு, வேலையால வந்து பிளேன்டீயோட இருந்தா ஒரு நாள்ல மூணு பகுதியா ஆடுற செஷன்ல ரெண்டு பாக்கலாம். நியூசிலாந்து எண்டா விடியச்சாமம் 3.30, அலாரம் வச்சித்தான் எழும்பணும், அந்த நேரம் வீட்ட எல்லாரும் தூக்கம் எண்டதால இயர்போன் கட்டாயம்.

டேட்டா கொஞ்சமா இருந்தா பகல்ல ஸ்கோர் மட்டும் பாருங்க, வீடியோவ புதுப்பந்து எடுக்கிற 80வது ஓவருக்கும் கடைசி செஷனுக்கும் மிச்சம் வைங்க. பேட்டரிய ராவே சார்ஜ் போட்டுருங்க.

மறுகா ஒண்டு, ஒம்பது விக்கெட் போயிட்டு எண்டு மட்டும் ஓஃப் பண்ணிராதீங்க. 2019ல தென்னாபிரிக்காவோட டர்பன்ல 304 துரத்தக்குள்ள 226க்கு ஒம்பது போயிட்டு, கல்லடியில நாங்க நாலு பேர் ஒரு ஃபோன சுத்தி இருந்த, ஒருத்தன் எழும்பிப் போயிட்டான், குசல் பெரேரா விஷ்வ பெர்னாண்டோவ மத்தப் பக்கம் வச்சிக்கிட்டு 78 ஓட்டம் சேத்து 153 நொட்டவுட்டா வெண்டு குடுத்தாரு. போனவன் இண்டைக்கும் அதச் சொல்லிக் கவலப்படுறான்.