ஒழுகும் பிவிசி மூட்டுக்கு மேலால் கம் பூசாதீர்கள்: வெட்டி மாற்றும் முறை

மட்டக்களப்புப் பக்கம் கிணற்றடி மோட்டர் லைன்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஏதாவது ஓர் எல்போவைச் சுற்றிச் சைக்கிள் டியூப் இறுக்கிக் கட்டியிருக்கும், இல்லாவிட்டால் மூட்டுக்கு மேலால் கம்மைத் திரட்டித் திரட்டிப் பூசியிருக்கும். டியூப் கட்டியதையாவது ஓர் இரவைச் சமாளிக்க என்று விட்டுவிடலாம். மேலால் கம் பூசுவது சுத்த வீண் வேலை. பிவிசி கம் ஓட்டையை அடைக்கும் சாமான் இல்லை. பைப்பின் வெளித்தோலையும் சொக்கட்டின் (இரண்டு பைப்பை இணைக்கும் குட்டிக் குழாய்) உட்தோலையும் கரைத்து, இரண்டும் இறுகி நிற்கும்போது ஒன்றாக்கிவிடுவதுதான் அதன் வேலை. ஈரத்தில், வெளிப்பக்கமாகப் பூசினால் ஒரு தோல் மாதிரிக் காயும், மோட்டரைப் போட்டதும் அந்தத் தோல் உரிந்து வரும். ஆகவே ஒழுகும் கம் மூட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் ஒரே வழி. வேலை அவ்வளவு கஷ்டமில்லை, அவசரப்படாமல் இருந்தால் சரி.

எங்கே ஒழுகுகிறது?

சுவரிலோ கிணற்றடியிலோ ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். நிலத்துக்குள் என்றால் நம் ஊரில் சிக்கல், ஏனென்றால் கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று கரையோரம் முழுக்க மணல். எவ்வளவு ஒழுகினாலும் மணல் குடித்துவிடும், மேலே சேறு கூடத் தெரியாது. இரவு எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டுத் தாங்கியின் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள், விடியப் பாருங்கள். இறங்கியிருந்தால் தாங்கிக்குக் கீழே வரும் லைனில் எங்கோ கசிவு (டொய்லெட் சிஸ்டனில் சத்தமில்லாமல் ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், பாதிப் பேருக்கு அங்கேதான் விஷயம் இருக்கும்). நீர் வழங்கல் சபை இணைப்பு உள்ளவர்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு மீற்றரில் உள்ள சின்னச் சக்கரத்தைப் பார்க்கலாம், அது சுற்றினால் கசிவு உங்கள் பக்கம். மீற்றருக்கு முன்னால் உள்ள லைனில் கை வைக்க வேண்டாம், அது சபையின் வேலை. கோடையில் முற்றம் முழுக்கக் காய்ந்து கிடக்க ஒரு துண்டில் மட்டும் புல் பச்சையாக நின்றால் அந்த இடத்தைத் தோண்டிப் பாருங்கள். தென்னைக்குப் பக்கத்தால் போகும் லைன் என்றால் அதையும் சந்தேகப்படலாம், வேர் தடித்துப் பைப்பை மெதுவாகத் தள்ளும்.

கடைக்குப் போகுமுன்

பைப்பில் அச்சடித்திருக்கும் எழுத்தை வாசியுங்கள். 20 மில்லிமீற்றர் என்றால் அரை இஞ்சி, 25 என்றால் முக்கால், 32 என்றால் ஒரு இஞ்சி. கூடவே டைப் 600, டைப் 1000 என்று இருக்கும், அது தாங்கும் அழுத்தம்: டைப் 1000 என்றால் 10 பார். 10 மீற்றர் உயரத்துத் தண்ணீர் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் கொடுக்கும் என்பதால், 15 அடித் தாங்கியிலிருந்து வரும் லைனில் அரை பார் கூட இல்லை. மோட்டர் லைனிலும் சபை லைனிலும்தான் அழுத்தம் அதிகம், அங்கே டைப் 1000 போடுங்கள், அதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். வாங்க வேண்டியது ஒரு துண்டுப் பைப், இரண்டு சொக்கட், சின்ன டின் கம், ஹெக்சோ பிளேட், சாண்ட் பேப்பர். கம் டின்னைத் திறந்து பார்த்து வாங்குங்கள், நூல் நூலாக இழுபட்டால் பழசு.

வெட்டி ஒட்டுதல்

வெயில் ஏறுமுன் காலையில், அல்லது பின்னேரம் தொடங்குங்கள். நடுப்பகலில் சொக்கட்டைக் கையில் எடுக்குமுன்பே கம் காய்ந்துவிடும்.

மோட்டரை நிறுத்தி, வால்வைப் பூட்டி, லைனில் நிற்கும் தண்ணீரை வடிய விடுங்கள். கெட்ட மூட்டின் இரு பக்கமும் நல்ல பைப் வரும் இடத்தில் நேராக வெட்டுங்கள், வெட்டு சரிந்தால் பைப் சொக்கட்டுக்குள் முழுதாக உட்காராது. ஓரத்துப் பிசிரை உள்ளும் புறமும் சுரண்டி, சாண்ட் பேப்பரால் மினுக்கம் போகும்வரை தேய்த்து, காய்ந்த துணியால் துடையுங்கள். மறுகா கம் இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து, சொக்கட் எதுவரை ஏறுகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தடுமாறுவது: வால்வ் சரியாகப் பூட்டாமல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், ஈரத்தில் கம் பிடிக்காது. பழைய பிளம்பர்களின் கைமருந்து பாண். பாணின் வெள்ளைச் சதையை மட்டும் பிய்த்து உருட்டிப் பைப்புக்குள் விரலால் தள்ளிவிட்டால் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பிடித்து வைக்கும், நீங்கள் ஒட்டி முடித்தபிறகு கரைந்து வெளியே வரும். கரைப் பகுதி வேண்டாம், அது போய் எங்காவது அடைத்துக்கொள்ளும்.

கம்மைச் சொக்கட்டின் உள்ளே மெல்லிசாகவும் பைப்பின் வெளியே சற்றுத் தாராளமாகவும் பூசி, உடனே தள்ளுங்கள், தள்ளும்போதே கால் சுற்றுத் திருப்புங்கள், பென்சில் கோடு வரை போக வேண்டும். அப்படியே அரை நிமிடம் பிடித்திருங்கள். கையை எடுத்தால் பைப் தானாகப் பின்னால் வரும், பலருக்கு ஒழுகுவது இதனால்தான்.

நிலத்துக்குள் ஓடும் பைப் அசையாதே, இரண்டாவது பக்கத்தை எப்படி மாட்டுவது? இரு பக்கமும் மூன்று அடியாவது நீளமாகத் தோண்டினால் பைப்பைத் தூக்கி வளைத்து மாட்டலாம். அதற்கும் இடமில்லை என்றால் ஒரு சொக்கட்டின் உள்ளே நடுவில் இருக்கும் வரம்பை அரத்தால் ராவி எடுத்துவிடுங்கள், அது பைப்பின்மேல் முழுதாக ஏறும். துண்டை வைத்து, கம் பூசி, சொக்கட் இரு பைப்பிலும் பாதிப் பாதி நிற்கும்படி பின்னால் இழுங்கள். கை வேகம் வேண்டும். பயமாக இருந்தால் ஒரு யூனியன் (மரையால் கழற்றிப் பூட்டக்கூடிய மூட்டு) போட்டுவிடுங்கள், அடுத்த முறை கழற்றவும் லேசு.

தாங்கி லைனை இரண்டு மணித்தியாலம் விடுங்கள், மோட்டர் லைனை விடியும்வரை. பிறகு வால்வை மெதுவாகத் திறந்து, காற்றும் பாணும் வெளியேறும்வரை தோட்டத்துப் பெரிய பைப்பை ஓட விடுங்கள். மூட்டை ஒருநாள் பார்த்துவிட்டுத்தான் மணலை மூட வேண்டும்.

சொக்கட் இல்லையென்று பைப்பின் நுனியை நெருப்பில் காட்டி விரித்து மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விரித்த இடம் மெலிந்துவிடும், புகையும் நல்லதல்ல. சொக்கட் வாங்குவதே மேல்.

மரை உடைந்தால்

பைப் தலையைப் பூட்டும்போது ஒழுகக் கூடாது என்று ஸ்பேனரால் முறுக்கி, வால்வ் சொக்கட்டின் (வெளிப்பக்கம் மரை உள்ள பிவிசித் துண்டு) மரையை உள்ளேயே முறித்துவிடுவது வழக்கம். சுவரை உடைக்க ஓட வேண்டாம். உள்ளே நிற்கும் வளையத்தில் ஹெக்சோ பிளேட் துண்டால் எதிரெதிரே இரண்டு வெட்டுப் போடுங்கள், அதைச் சுற்றியிருக்கும் மரையில் படாமல். அந்த வெட்டில் தட்டையான ஒரு இரும்பை வைத்து இடப்பக்கம் திருப்பினால் வளையம் சுழன்று வரும். புதியதைப் போடும்போது திரெட் டேப்பை மரை ஏறும் திசையிலேயே இழுத்துச் சுற்றி, கையால் இறுக்கிய பிறகு ஸ்பேனரால் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. பித்தளைத் தலை பூட்டும் இடத்துக்கு உள்ளே பித்தளை வைத்த ஃபோசட் எல்போ வாங்கினால் இந்தத் தொல்லையே வராது.

வெயிலும் சூடும்

கூரைமேலும் சுவரோரமும் திறந்து கிடக்கும் பைப் கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் வெளுத்து, சுண்ணாம்பு போல் கையில் ஒட்டத் தொடங்கினால் அது முறுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரில் கரைக்கும் வெளிர் நிற எமல்ஷன் பெயின்ற் இரண்டு பூச்சு போதும். நீளவும் செய்யும்: 10 மீற்றர் பைப் 20 பாகை கூடச் சூடானால் ஒன்றரை சென்ரிமீற்றர் அளவுக்கு நீளும். ஆகவே கிளிப்பை இறுக்கி அடிக்காமல் பைப் வழுக்கிப் போக இடம் விடுங்கள், இல்லாவிட்டால் அந்த இழுவை முழுக்க எல்போவுக்குத்தான். சூடு ஏற ஏறப் பைப்பின் பலமும் குறையும், 43 பாகையில் பாதிதான் மிச்சம். அதனால் சுடுதண்ணீர் லைனுக்குச் சாதாரண பிவிசி கூடவே கூடாது. அதற்கென்றே சிபிவிசி, பிபிஆர் இருக்கின்றன, கம்மும் கருவியும் வேறு.