ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வாங்கும் முன் டிரக் கதவைத் திறந்து பாருங்கள்

அமெரிக்காவில் ஃபிஃப்த் வீலை, அதாவது பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் மாட்டி இழுக்கும் வீட்டு டிரெய்லரை, முதல்முறை வாங்குகிறவர்கள் "என் டிரக் எவ்வளவு இழுக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இழுப்பதில் இல்லை, சுமப்பதில். டிரெய்லர் எடையில் சுமார் 20 சதவீதம் டிரக்கின் முதுகிலேயே உட்காரும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், ஆளும் சாமானுமாக எவ்வளவு தாங்கும் என்று போட்டிருப்பார்கள். 12,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 2,400 அங்கேயே போச்சு. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் ஒரு 150, குடும்பம் 600. கூட்டினால் 3,150! ஃபோர்டு எஃப்-150 மாதிரி டிரக்குகளுக்குப் பொதுவாக இது ஆகாது. விற்பவர் சொல்லும் காலி எடையை நம்பாமல், டிரெய்லரில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடையில் கணக்குப் போடுங்கள்.

அப்படியே ஸ்லைடை (நிறுத்தியபின் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதி), ஓடும்போது இருப்பதுபோல உள்ளே இழுக்கச் சொல்லி, ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிறதா என்றும் பாருங்கள். வழியில் மதியச் சாப்பாடு அதற்குள்தானே இருக்கும்.