கை மட்டும் கிடைத்தால் உயரத்தைக் கணிப்பது எப்படி?

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பார்கள். என் சாண் 21 செ.மீ.; எட்டால் பெருக்கினால் 168. என் உயரம் 170. தடய மருத்துவ வகுப்பின் முதல் நாளில் மாணவர்களையும் இப்படிச் சாண் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். பலருக்குக் கிட்டத்தட்ட வருகிறது, சிலருக்கு அரை அடி தள்ளிப் போகிறது. கைக்கும் உயரத்துக்கும் உறவு உண்டு என்பதையும், அது எவ்வளவு தளர்வான உறவு என்பதையும் அவர்கள் தங்கள் உடம்பிலேயே கண்டுகொள்கிறார்கள்.

ரயில் பாதையிலிருந்தோ வெடிவிபத்திலிருந்தோ ஒரு கை மட்டும் பிணவறைக்கு வரும்போது சாண் உதவாது. இறந்தவரின் விரல்களை அப்படி விரிக்க முடியாது. அப்போது நாம் நம்புவது கையின் நீளத்தை, அதாவது மணிக்கட்டு முதல் நடுவிரல் நுனி வரை உள்ள நீளத்தை.

அளப்பதற்கு முன் கைரேகையை எடுத்துவிடுங்கள். நகக்கண்ணில் ஒட்டியிருப்பதையும் மரபணுச் சோதனைக்கான திசுவையும் சேகரித்துவிடுங்கள். ஓர் எக்ஸ்ரேயும் வேண்டும். விரல் எலும்புகளின் வளரும் முனைகள் இன்னும் ஒட்டவில்லை என்றால் அது வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையின் கை. பெரியவர்களுக்கான சூத்திரத்தை அங்கே போடவே கூடாது.

புறங்கை மேசையில் படும்படி கையை மல்லாத்தி வையுங்கள். மணிக்கட்டின் இரு ஓரங்களையும் தடவிப் பார்த்தால், கட்டைவிரல் பக்கம் ஒன்றும் சுண்டுவிரல் பக்கம் ஒன்றுமாக இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். அவற்றை ஒரு கோட்டால் இணைத்து நடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து நடுவிரலின் நுனிச் சதை வரை உள்ளதே கை நீளம். நகம் கணக்கில் சேராது. மணிக்கட்டின் ரேகையிலிருந்து அளப்பவர்களும் உண்டு. உங்கள் சூத்திரம் எந்த அளவை வைத்து உருவானதோ, அதே அளவைத்தான் நீங்களும் எடுக்க வேண்டும். அகலத்துக்குக் கட்டைவிரலை விட்டுவிட்டு, ஆள்காட்டி விரல் முட்டியின் வெளிப்பக்கம் முதல் சுண்டுவிரல் முட்டியின் வெளிப்பக்கம் வரை அளக்கலாம். ஆனால் உயரத்தைச் சொல்வதில் நீளத்துக்குள்ள வலு பொதுவாக அகலத்துக்கு இல்லை.

விறைத்து மடங்கிய விரல்களை வெடுக்கென்று இழுக்காதீர்கள். நான் என் உள்ளங்கையை அவற்றின் மேல் வைத்து மெல்ல அழுத்துவேன். ஒவ்வொரு கணுவாக இளகிக் கொடுக்கும். காலிப்பரின் (இரு தாடைகளுக்கு நடுவே வைத்து நீளம் அளக்கும் கருவி) தாடை சதையைத் தொட்டால் போதும், அமுக்கக் கூடாது. மூன்று முறை அளந்து மில்லிமீட்டர் வரை குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணைப் பார்க்காத இன்னொருவரும் அளக்கட்டும். அழுகி உப்பிய கையில் அகலத்தை நம்ப முடியாது. தீயில் சுருங்கிய கையில் நீளத்தையும் நம்ப முடியாது.

இனி கணக்கு. இங்கேதான் நான் ஒருமுறை தவறினேன். பணியில் சேர்ந்த புதிதில், 20 செ.மீ. நீளமுள்ள ஓர் ஆணின் வலக்கைக்கு "உயரம் 179 செ.மீ." என்று ஒற்றை எண்ணை எழுதிக் கொடுத்தேன். அதை நம்பி, 170 செ.மீ. உயரமுள்ள ஒருவரைக் காணவில்லை என்ற புகார் ஒதுக்கிவைக்கப்பட்டது. அந்தக் கை அவருடையதுதான் என்பது மாதங்கள் கழித்து மரபணுச் சோதனையில் தெரிந்தது. அதற்குள் அவருடைய மனைவி இரண்டு முறை பிணவறை வாசல் வரை வந்து திரும்பியிருந்தார்.

நான் செய்தது வெறும் பெருக்கல். ஒரு கூட்டத்தில் ஆண்களின் சராசரி உயரம் 166, சராசரிக் கை நீளம் 18.5 என்று வைத்துக்கொள்வோம். (கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை, உங்கள் அறிக்கையில் போடாதீர்கள்.) 166-ஐ 18.5-ஆல் வகுத்தால் 8.97. அதை 20-ஆல் பெருக்கினால் 179 வந்துவிடும். ஆனால் நீண்ட கை உள்ள எல்லாரும் அதே விகிதத்தில் நெட்டையாக இருப்பதில்லை. அதனால் பின்னடைவுச் சமன்பாட்டை, அதாவது கை நீளம் கூடக்கூட உயரம் சராசரியாக எவ்வளவு கூடுகிறது என்று பலரை அளந்து கண்ட சூத்திரத்தை, பயன்படுத்த வேண்டும். கை நீளம் ஒரு செ.மீ. கூடினால் உயரம் சராசரியாக 4.2 செ.மீ. கூடுகிறது என்றால், இந்தக் கை சராசரியைவிட 1.5 கூடுதல், 166 உடன் 6.3-ஐக் கூட்டினால் 172.3. கணிப்பின் திட்டப் பிழை, அதாவது கணித்த உயரம் உண்மையான உயரத்திலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 5 செ.மீ. என்றால், அதைப்போல் இரு மடங்கை இருபுறமும் விட வேண்டும். ஏறக்குறைய 162 முதல் 182 வரை. அகலமான வரம்புதான். ஆனால் அந்த 170 செ.மீ. மனிதர் அதற்குள் இருக்கிறார்.

சமன்பாடு அந்தந்த மக்களிடமே அளந்து உருவாக்கியதாக இருக்க வேண்டும். வடநாட்டுச் சமன்பாட்டை மதுரைக்காரருக்குப் போடக் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிச் சமன்பாடு வேண்டும்; பால் உறுதியாகத் தெரியாவிட்டால் இரண்டையும் போட்டு இரண்டு விடைகளையும் எழுதுங்கள்.

ஒப்பிடும் உயரத்தையும் விசாரியுங்கள். புகாரில் இருப்பது பெரும்பாலும் வீட்டார் கையை உயர்த்தி "இவ்வளவு இருப்பார்" என்று காட்டியதுதான். காவலர் தேர்வுக்கோ ராணுவத்துக்கோ போயிருந்தால், அங்கே அளந்த எண் கிடைக்குமா என்று கேளுங்கள். முதுமையில் முதுகெலும்பு தாழ்ந்து உயரம் குறையும். கை நீளம் அப்படிக் குறையாது. அதனால் எந்த வயதில் அளந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மேலே காட்டிய எண்களையே வைத்துச் சொன்னால், அறிக்கையில் நான் இப்போது எழுதுவது இப்படி: "வலக்கை, நீளம் 20.0 செ.மீ., மூன்று அளவுகளின் சராசரி. வளர்ந்த ஆண் எனக் கொண்டால், வாழ்நாள் உயரம் 162 முதல் 182 செ.மீ. வரை இருக்கலாம். உயரத்தை மட்டும் வைத்து எவரையும் விலக்க வேண்டாம்."