விளையாட்டின் நடுவே கணினி தானே மறுதொடக்கம் ஆனால்

நாள் முழுதும் எழுத்துப் பணிக்கு ஒத்துழைக்கும் கணினி, விளையாட்டைத் திறந்த சில நிமிடங்களில் மட்டும் மறுதொடக்கம் ஆகுமானால், வைரஸைத் தேடுவதற்கு முன் வெப்பத்தையும் மின்சாரத்தையும் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில், எதிர்பாராத நிறுத்தத்தைக் குறிக்கும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைத் திறந்து பாருங்கள்; அதில் பக்செக்கோட் (பிழை எண்) 0 என்றிருந்தால், நீலத்திரைப் பிழை பதிவாகும் முன்பே மின்சாரம் அறுந்திருக்கக்கூடும். வேறு எண் இருந்தால் டிரைவரையும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) ராமையும் (தற்காலிக நினைவகம்) சோதியுங்கள்.

தென்னாப்பிரிக்கக் கடற்கரை நகரமான டர்பனின் ஈரக் கடற்காற்றில், வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளிடையே தூசி பிசினைப்போல் ஒட்டிக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் அதை அகற்றுங்கள். அதன் பின்னரும் விளையாடும்போது பிராசஸரின் வெப்பம் 95 டிகிரி செல்சியஸை நெருங்கினால், பிராசஸரிலிருந்து ஹீட்சிங்குக்கு வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பார்க்கலாம்.

வெப்பம் சீராயிருந்தும் கோளாறு நீடித்தால், பெரும்பாலும் கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பவர் சப்ளைதான் காரணம். கிராஃபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்திற்குத் தன் வழக்கமான அளவைவிட மிகுதியான மின்சாரத்தை இழுக்கும். லோட்ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) முடிந்து மின்சாரம் திரும்பும்போதெல்லாம் அடிபட்டுத் தேய்ந்த பவர் சப்ளை அந்தத் திடீர் இழுப்பைத் தாங்காது. விளையாட்டின் ஃபிரேம் வேகத்தை நொடிக்கு 60 படங்கள் எனக் கட்டுப்படுத்தியதும் மறுதொடக்கம் நின்றால் சந்தேகம் வலுப்படும். புதியது வாங்குகையில் வாட் எண்ணைவிடத் தரத்தைப் பாருங்கள். பழையதைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்னூட்டத்தைச் சேமிக்கும் அதன் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும்.