பைத்தானில் மெயில் அனுப்பும்போது செய்யக்கூடாத தவறுகள்

பைத்தானில் மெயில் அனுப்புவது பத்து வரி வேலைதான். ஆனால் போன மெயிலைத் திரும்ப வாங்க முடியாது. தப்பான மெயில் அடுத்தவர் இன்பாக்ஸில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

முதலில் ஃபைல் பெயர். பழகிப் பார்க்க எழுதும் ஃபைலுக்குப் பலரும் 'ஈமெயில்' என்றே பெயர் வைத்துவிடுவார்கள். பைத்தானோடு வரும், மெயில் அனுப்பும் லைப்ரரியான எஸ்எம்டிபிலிப் உள்ளுக்குள் தேடுவதும் அதே பெயருள்ள பேக்கேஜைத்தான். உங்கள் ஃபைல் குறுக்கே நின்றால் 'ஈமெயில் ஒரு பேக்கேஜ் இல்லை' என்று எரர் வரும். ஃபைல் பெயரை மாற்றினால் போதும்.

அடுத்து பாஸ்வேர்டு. ஜிமெயிலின் வழக்கமான பாஸ்வேர்டைக் கொடுத்தால் லாகினை ஏற்காமல் 535 போன்ற எரர்தான் வரும். 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் அந்த வழியை மூடிவிட்டது. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்து, புரோகிராமுக்கென்று கூகுள் தனியாகத் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். அதைக் கோடுக்குள் எழுதாமல் என்விரான்மென்ட் வேரியபிளில், அதாவது கோடுக்கு வெளியே கணினியில் வைக்கும் மதிப்பாக, வையுங்கள். கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் தெரியாமல் ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் (சேமிக்கும் பதிப்பில்) அழித்துப் பயனில்லை, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். அந்த ஆப் பாஸ்வேர்டை உடனே ரத்து செய்துவிட்டுப் புதிது எடுங்கள்.

அடுத்து மெயில் சர்வரோடு இணையும் போர்ட் எண். 465 என்றால் எடுத்த எடுப்பிலேயே எஸ்எஸ்எல், அதாவது மறையாக்கிய இணைப்பு. 587 என்றால் முதலில் சாதாரண இணைப்பு, அப்புறம் ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளையால் அதை மறையாக்க வேண்டும். மாற்றிப் போட்டால் 'ராங் வெர்ஷன் நம்பர்' என்று சம்பந்தமில்லாத எரர் வரும், இல்லாவிட்டால் புரோகிராம் அசையாமல் நிற்கும். இத்தனை நொடிக்கு மேல் காத்திருக்காதே என்று டைம்அவுட் கொடுத்துவிடுங்கள். ஜிமெயிலுக்கு மட்டும் என்றால் யாக்மெயில் லைப்ரரி இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தரும் தவறு லூப்பில் இருக்கிறது. மெயிலை உருவாக்கும் பழைய மைம்மல்டிபார்ட் கிளாஸ் முறையில் ஒரு மெசேஜை லூப்புக்கு வெளியே உருவாக்கி, உள்ளே 'டு' முகவரியை மட்டும் மாற்றுவதாக நினைத்து எழுதுவோம். டிக்ஷனரியில் சமக்குறி போட்டால் பழையது போய்ப் புதியது வரும், இல்லையா? இங்கே அப்படி இல்லை. பழைய 'டு' வரி அங்கேயே இருக்கும், புதியது அதன் கீழே சேரும். முதல் ஆளுக்குப் போகும் மெயிலில் ஒரு முகவரி, ஐம்பதாவது ஆளுக்குப் போவதில் ஐம்பது பேரின் முகவரி. இரண்டாவது வரி சேரும்போது எரர் எதுவும் வராது. ஐம்பது பேரின் முகவரி ஊருக்கே தெரிந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

அதனால் புதிய ஈமெயில்மெசேஜ் கிளாஸைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது 'டு' சேர்த்தால் அது வேல்யூ எரர் எழுப்பித் தடுத்துவிடும். மெசேஜை லூப்புக்கு உள்ளேயே ஒவ்வொருவருக்கும் புதிதாக உருவாக்குங்கள். மற்றவர்களுக்குத் தெரியாமல் அனுப்பும் முகவரிகளுக்கான 'பிசிசி' ஹெடரிலும் இதே ஆபத்து உண்டு: எஸ்எம்டிபிலிப்பின் செண்ட்_மெசேஜ் அதை நீக்கிவிட்டு அனுப்பும், செண்ட்மெயில் நீங்கள் கொடுத்ததை அப்படியே அனுப்பிவிடும்.

இணைப்பு ஃபைல் மெயிலில் போகும்போது மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். மெயில் சர்வரின் அளவு வரம்புக்குள் சில ஃபைல் அடங்காமல் போவது அதனால்தான்.

நிஜ முகவரிகளைத் தொடும் முன், சோதனை மெயில் சர்வராக ஓடும் ஏஐஓஎஸ்எம்டிபிடி பேக்கேஜை நிறுவி, உங்கள் கணினியிலேயே 8025 போர்ட்டில் ஓடவிட்டு, புரோகிராமை அதற்கே அனுப்பச் சொல்லுங்கள். மெயில் வெளியே போகாது, முழுசாகத் திரையில் வந்து விழும். அதில் எத்தனை 'டு' வரி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.